மோப்ப நாய்க்கு அடுத்த வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழ் என்றில்லை, எந்தத் தமிழ் நாளிதழை எடுத்தாலும் கொலைச் செய்தியின் கடைசிப் பத்தி ஒரே மாதிரிதான் இருக்கிறது. மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. அடுத்த வரி, தடயவியல் நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரித்தனர். அவ்வளவுதான், செய்தி முடிந்தது. நான் 29 வருஷம் பார்த்த வேலை அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றின் உயிரியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் நேரில் பார்த்த ஒன்று, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று எழுத உட்கார வைத்துவிட்டது.

பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவை நகைக்காக யாரோ கொன்றுவிட்டார்கள். தெரிந்தவர் கூப்பிட்டதால் நானும் போனேன். போலீஸ் இன்னும் வரவில்லை, அதற்குள் வீட்டுக்குள்ளும் திண்ணையிலுமாக முப்பது பேர். உடல் அப்படியே கிடக்கக் கூடாதே என்று ஒருவர் கொடியில் கிடந்த வேட்டியை எடுத்துப் போர்த்தியிருந்தார். பேரப் பிள்ளைகள் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்று ஒரு பாட்டி நடையில் இருந்த ரத்தத்தைச் சாணி கரைத்து மெழுகிவிட்டிருந்தார். இன்னொருவர் பீரோவைத் திறந்து எதெது போயிருக்கிறது என்று கையால் துழாவிக்கொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் வேலி ஓரமாக, ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம். வலது கால், குதிகால் பக்கம் தேய்ந்த செருப்பு, அடியில் இருந்த வரிகள்கூட எண்ணுகிற மாதிரி பதிந்திருந்தது. "மிதிச்சிராதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செல்போனில் வீடியோ எடுக்க வந்த ஒரு தம்பி அதன் மேலேயே நின்றுவிட்டார்.

இவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லவில்லை. எல்லோரும் அந்த அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அம்மாவுக்காகச் சாட்சி சொல்லியிருக்கக்கூடிய பலதும் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விட்டது.

பிரான்ஸில் லியோன் நகரத்தில் எட்மண்ட் லோகார்ட் என்பவர் 1910இல் போலீஸுக்கென்று ஒரு ஆய்வகம் தொடங்கினார். அவர் பெயரில் இன்றைக்கும் எங்கள் துறையில் முதல் பாடமாகச் சொல்லித் தருவது இதுதான்: இரண்டு பொருள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டு போகும். கொலையாளி தன்னுடைய முடியையோ, வியர்வையையோ, சட்டை நூலையோ விட்டுவிட்டுப் போவான். அங்கிருந்து ரத்தமோ, மண்ணோ, வேலியோரத்து நாயுருவி விதையோ அவன் வேட்டியில் ஒட்டிக்கொண்டு போகும். இது கொலையாளிக்கு மட்டுமல்ல, அந்த முப்பது பேருக்கும் பொருந்தும். போர்த்திய வேட்டியில் அந்த வீட்டு ஆட்கள் எல்லோருடைய முடியும் தோலும் இருக்கும், அதெல்லாம் இப்போது உடல் மேல். உடல் மேல் கொலையாளியின் ஒரு முடி இருந்திருந்தால் அது வேட்டியோடு போயிருக்கும். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று எப்படித் தெரியும்?

தடயம் என்றால் பெரும்பாலானவர்களுக்குக் கைரேகைதான் ஞாபகம் வரும். அது வந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1897இல் கொல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கினார்கள். ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு ஆங்கிலேய போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டாலும் அதற்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். கைரேகை, செருப்புத் தடம், டயர் தடம், கடப்பாரையால் நெம்பிய வடு, உடைந்த கண்ணாடி, பெயிண்ட், தோட்டா, துணி நூல் எல்லாம் ஒரு பக்கம். எங்கள் பிரிவுக்கு வருவது இன்னொரு பக்கம். ரத்தம், விந்து, எச்சில், முடி, பல், எலும்பு, நகக்கண்ணில் சிக்கிய தோல், செடி கொடித் துணுக்குகள், பூச்சி, புழு. முதல் பக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கண்ணாடித் துண்டு பத்து வருஷம் ஆனாலும் கண்ணாடித் துண்டுதான். ரத்தம் அப்படியில்லை, வெயில் பட்டால் கெடும், ஈரம் பட்டால் அழுகும். வீட்டில் பால் சோறு கெட்டுப்போகிற மாதிரியேதான். உயிருள்ள உடம்பிலிருந்து வந்தது, அதனால் சாகவும் செய்யும்.

ரத்தத்தையே எடுத்துக்கொள்வோம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமில்லை. வெற்றிலை எச்சில், ஆரத்தி கரைத்து ஊற்றிய இடம், குங்குமம், துரு என்று எத்தனையோ எங்களிடம் ரத்தக்கறை என்று வந்திருக்கிறது. முதலில் பினாப்தலீனை வைத்து ஒரு சோதனை செய்வோம், நொடியில் இளஞ்சிவப்பாக மாறும். மாறினால் ரத்தமாக இருக்கலாம் என்றுதான் அர்த்தம், ரத்தமேதான் என்று இல்லை. சில காய்கறிச் சாறுகளும் துருவும்கூட ஏமாற்றும். அதனால்தான் சம்பவ இடத்தில் ரத்தம் தோய்ந்த மண்ணை எடுக்கும்போதே கொஞ்சம் தள்ளி, கறை படாத மண்ணையும் ஒரு பொட்டலம் எடுப்பார்கள். சம்பவ இடத்தில் எடுத்ததையெல்லாம் சாட்சிகள் முன்னால் எழுதி வைக்கும் மகஜரில் "ரத்தம் தோய்ந்த மண், மாதிரி மண்" என்று ஜோடியாக எழுதியிருப்பதன் காரணம் அதுதான். மண்ணே அப்படி நிறம் மாற்றுகிறதா என்று பார்க்க அந்த மாதிரி மண் வேண்டும். மகஜரில் கையெழுத்துப் போடுகிற கிராம நிர்வாக அலுவலர்களிடம் பேசும்போதெல்லாம் இதை நான் சொல்வது உண்டு, காரணம் தெரிந்தால் அடுத்த முறை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

ரத்தம்தான் என்று உறுதியானதும் அடுத்த கேள்வி, யாருடைய ரத்தம் என்பதற்கு முன்னால், எதனுடைய ரத்தம். அரிவாளில் ரத்தம் இருக்கிறது, கேட்டால் கோயிலில் கிடா வெட்டியது என்பார்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். மனித ரத்தமா ஆட்டு ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் வீழ்படிவுச் சோதனையை ஜெர்மனியில் உலன்ஹூத் என்பவர் 1901இல் கண்டுபிடித்தார், அதை வைத்து அந்தப் பேச்சை அரை நாளில் தீர்த்துவிடலாம். அப்புறம்தான் ரத்த வகை. லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்ததும் அதே சமயத்தில்தான். ஆனால் ரத்த வகையால் ஒருவரை விலக்கத்தான் முடியும். ஓ வகை என்றால் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும், அதை வைத்து இவன்தான் என்று கைகாட்டக் கூடாது.

இவன்தான் என்கிற அளவுக்குக் கொண்டுபோனது டிஎன்ஏ. 1984இல் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தது. முதல் கொலை வழக்கில் அது என்ன செய்தது என்பதை நம் ஊரில் பலரும் கேள்விப்பட்டதில்லை. 1983இலும் 1986இலும் அந்தப் பகுதியில் இரண்டு பள்ளி மாணவிகள் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். டிஎன்ஏ பார்த்தால், இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை! அதற்குப் பிறகுதான் சுற்றுவட்டாரத்து ஆண்கள் ஏறக்குறைய 5,000 பேரிடம் ரத்தமும் எச்சிலும் வாங்கினார்கள். உண்மையான குற்றவாளியான காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பி ஏமாற்றியது வெளியே வந்து, 1988இல் தண்டனை பெற்றான். கொலை வழக்கில் முதல் வேலையாக டிஎன்ஏ செய்தது, செய்யாத கொலையை ஒப்புக்கொண்ட ஒரு பையனைக் காப்பாற்றியது. எனக்கு இந்த வேலை மேல் மரியாதை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

ரத்தத்தில் டிஎன்ஏ எடுக்கிறோம் என்கிறோமே, சிவப்பணுவில் உட்கரு கிடையாது, அதனால் அந்த டிஎன்ஏ வருவது வெள்ளையணுவிலிருந்து. முடியிலும் அதே மாதிரி, வேரோடு பிடுங்கிய முடியில்தான் முழு டிஎன்ஏ கிடைக்கும். தானாக உதிர்ந்த முடியில் பெரும்பாலும் தாய்வழி வருகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டும் கிடைக்கும், அண்ணன் தம்பிகளைப் பிரித்துச் சொல்ல அது உதவாது. வெற்றிலை எச்சில் ரத்தம் இல்லையே என்று தூக்கிப் போடவும் கூடாது, அதில் துப்பியவனின் கன்னத் தோல் செல்கள் இருக்கும். பீடித் துண்டு, டீ கிளாஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் அப்படித்தான்.

பூச்சி பற்றியும் சொல்ல வேண்டும். உடல் கிடந்தால் பச்சை ஈக்கள் சீக்கிரமே வந்து முட்டையிட்டுவிடும். முட்டை, மூன்று கட்டப் புழு, கூட்டுப்புழு என்று அது வளர்கிற கணக்கும், அந்த நாட்களின் வெப்பமும் தெரிந்தால் இறந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். நம் ஊரில் நாற்றம் தாங்காமல் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டிவிடுகிறார்கள். புழுவும் போச்சு, அந்த இடத்து டிஎன்ஏவும் போச்சு. ரத்தக் கறையைத் தேட நாங்கள் தெளிக்கும் லூமினால்கூட பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்திலெல்லாம் ஒளிர்ந்து குழப்பும். கிணற்றில் கிடந்த உடலுக்கு வேறு ஒன்று உண்டு. டயாட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. உயிரோடு மூழ்கினால் மூச்சில் போகும் தண்ணீரோடு அது ரத்தத்தில் கலந்து தொடை எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகும், செத்த பிறகு போட்டால் ரத்த ஓட்டம் இல்லை, அதனால் அங்கே போகாது. இதை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிட முடியாது, ஆனால் மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்க ரொம்ப உதவும். அதற்கு அதே கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும். அதை எடுக்காமல் உடலை மட்டும் எடுத்துக்கொண்டு போன வழக்குகள் எனக்குத் தெரியும்.

இப்போது என் மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிற ஒரு பொட்டலம். ஒரு பெண் குழந்தையின் வழக்கு. கறை ஈரமாக இருந்தபோதே பாவாடையைச் சுருட்டிப் பாலித்தீன் கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் கைக்கு வரும்போது மூன்று வாரம் ஆகியிருந்தது, நடுவில் சித்திரை வெயில். கவரின் உள்பக்கம் முழுக்க வேர்த்துப்போய் நீர் கோத்திருந்தது. கத்தரியால் வெட்டியதும் வந்த வாடை முகக்கவசத்தைத் தாண்டியது. துணியை மெல்லப் பிரித்தால் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, நடுவில் கறுப்புப் புள்ளிகள், கறை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நானும் என்னோடு இருந்த மேடமும் நான்கு இடத்தில் வெட்டி எடுத்துப் பார்த்தோம், இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தோம். எதுவும் கிடைக்கவில்லை. அறிக்கையில் "கண்டறிய இயலவில்லை" என்று எழுதி அனுப்பினேன். பாலித்தீனுக்குப் பதிலாக நிழலில் உலர்த்தி ஒரு பழுப்புக் காகித உறையில் போட்டிருந்தால் போதும். காகிதம் மூச்சு விடும், பாலித்தீன் விடாது. இதற்குப் பணம் வேண்டியதில்லை, பெரிய கருவி வேண்டியதில்லை. அந்த வழக்கு என்ன ஆனது என்று கேட்க எனக்கு இன்று வரை தைரியம் வரவில்லை.

சரி, நன்றாகவே எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்னொரு இடத்தில் எல்லாம் கெட்டுப்போக வழி இருக்கிறது. எடுத்ததிலிருந்து நீதிமன்றம் போகும் வரை அது யார் கையில், எந்தத் தேதியில், எந்த அறையில் இருந்தது என்று ஒரு நாள் விடாமல் கணக்கு இருக்க வேண்டும். பொட்டலம் வந்ததும் நாங்கள் முதலில் செய்வது சோதனை இல்லை, அதன் மேல் இருக்கும் முத்திரையையும் தனியாக வந்த மாதிரி முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். அந்தக் கணக்கில் ஓட்டை விழுந்தால் டிஎன்ஏ பொருந்தினாலும் பிரயோஜனம் இல்லை. 2012இல் டெல்லியில் கடத்திக் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் வழக்கில், மாதிரிகள் பத்து நாளுக்கும் மேல் போலீஸ் நிலையத்துப் பொருள் அறையிலேயே கிடந்ததை உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. மரண தண்டனை பெற்றிருந்த மூன்று பேரும் 2022இல் விடுதலை ஆனார்கள்.

நம் தேனி மாவட்டத்திலேயே நடந்தது இருக்கிறதே. 2011இல் சுருளி அருவிப் பகுதியில் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டார்கள். கைதானவருக்குக் கீழ் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் ஆய்வகம் போவதில் காரணம் சொல்லப்படாத தாமதம், கைமாறிய கணக்கில் இடைவெளி, அதனால் அந்தச் சான்றை நம்ப முடியாது என்றது. யோசித்துப் பாருங்கள். அவர் குற்றம் செய்யாதவர் என்றால் ஒரு மனிதர் இத்தனை வருஷம் தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்திருக்கிறார். செய்தவர் வேறு யாரோ என்றால் அவர் வெளியே இருக்கிறார். அந்த இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு 14 வருஷம் கழித்தும் பதில் இல்லை. அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுவதற்கும் சில உத்தரவுகளைப் போட்டார்கள். மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது, எடுத்ததிலிருந்து வழக்கு முடியும் வரை கைமாறிய விவரத்துக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு செய்தியாக வந்தது, அதற்குப் பிறகு இந்த 48 மணி நேரம் எங்கே கடைப்பிடிக்கப்படுகிறது என்று எந்த நாளிதழாவது கேட்டு நான் பார்க்கவில்லை.

நம்மால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். விஷம் கலந்ததா என்று பார்க்கும் ரசாயன ஆய்வகம் சென்னையில் 1849லேயே தொடங்கிவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். ராஜீவ் காந்தி கொலையில் குண்டு எங்கே இருந்தது, யார் உடம்பில் இருந்தது என்று சிதறிய துணியையும் காயங்களையும் வைத்துச் சொன்னவர் நம் துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன். ஆசிரமம் நடத்திய சாமியார் பிரேமானந்தா மீதான பாலியல் வழக்கில் கலைக்கப்பட்ட கருவின் திசுவையும், பெண்ணின் ரத்தத்தையும், சாமியாரின் ரத்தத்தையும் ஐதராபாத்தில் டிஎன்ஏ விஞ்ஞானி லால்ஜி சிங் குழுவினர் ஒப்பிட்டுத் தந்தை யார் என்று சொன்னார்கள். அதைச் சோதிக்க வெளிநாட்டு நிபுணரையே எதிர்த்தரப்பு கொண்டுவந்தும் சான்று நின்றது. 1997இல் புதுக்கோட்டையில் தண்டனை, 2005இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒழுங்காக எடுத்து, ஒழுங்காக வைத்து, ஒழுங்காக அனுப்பினால் இந்த அறிவியல் எவ்வளவு பெரிய ஆளுக்கும் எதிரே நிற்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போக வேண்டும், சேகரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் வரை அவகாசமும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் நிபுணர் வருவதற்குள் சாணி மெழுகிவிட்டால் வீடியோவில் சாணிதான் பதிவாகும். அதனால்தான் உங்கள் மூலமாக வாசகர்களிடம் கேட்கிறேன். உயிர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தடயம் கிடயம் எல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். உயிர் இல்லை என்று ஆகிவிட்டால் வந்த வழியிலேயே திரும்பி வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, யாரையும் உள்ளே விடாதீர்கள். கழுவ வேண்டாம், போர்த்த வேண்டாம், எடுத்து வைக்க வேண்டாம். வாசலில் ஒரு கயிறு கட்டினால்கூடப் போதும். மழை வருகிற மாதிரி இருந்தால் தடத்தின் மேல் ஒரு அன்னக்கூடையோ பிளாஸ்டிக் தொட்டியோ கவிழ்த்து வையுங்கள், அது மட்டும் செய்யலாம்.

பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணோ குழந்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் அது குற்றம். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் பரவாயில்லை, "ஏன் குளிச்சே" என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்க வேண்டாம். சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை உடலிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்கிறது, துணியில் அதற்குப் பிறகும் கிடைக்கும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் புகைப்படக்காரர்கள் கட்டிய கயிற்றைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மோப்ப நாய்க்கு அடுத்த அந்த வரியில் மூன்று விவரம் சேர்த்துப் போடுங்கள். சம்பவ இடத்தை எத்தனை மணிக்கு அடைத்தார்கள், நிபுணர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எடுத்த மாதிரி எந்தத் தேதியில் ஆய்வகம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதற்கான பதில் அன்றைக்கே கிடைக்காது, 48 மணி நேரம் கழித்து உங்கள் நிருபர் அதே காவல் நிலையத்துக்கு இன்னொரு முறை போன் செய்ய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தடய அறிவியல் ஊழியர் ஒருவர்